மருதமுனைச் சாரமும் சங்காராவின் துணியும்

மருதமுனையில் வாங்கிய கைத்தறிச் சாரத்தின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: சாயம் போகிறது. பச்சைச் சாரத்தை ஊறப்போட்ட வாளியில் என் வெள்ளை பெனியன் ஒன்றும் கிடந்தது. இப்போது அதை வெள்ளை என்று சொல்ல முடியாது. “சேர், மொத மூணு தரம் தனியா உப்புத் தண்ணியில அலசுங்க” என்று நெசவுக்காரர் சொல்லித்தான் தந்தார். அதை வீட்டில் சொல்ல மறந்தவன் நான். ஆனாலும் மூன்றாம் அலசலிலும் தண்ணீர் பச்சையாகத்தான் இருந்தது.

களுவாஞ்சிகுடியில் கல்முனை பஸ் ஏறினால் கல்லாறு, பெரியநீலாவணை தாண்டியதும் மருதமுனை. நான் போன இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் ஒரு வீடு. முன் விறாந்தையில் விற்பனை, பின்னால் இரண்டு தறி. விலை 2,600 ரூபாய். சந்தையில் இதில் பாதிக்கு மில் சாரம் கிடைக்கும். ஆனால் அது இரண்டு மாதத்தில் கொசுவலை மாதிரி ஆகிவிடும். இது கனமான துணி, இடுப்பில் நழுவாமல் நிற்கிறது. ஓரத்தில் விரலை ஓட்டினால் இரண்டு முடிச்சுகள் தட்டுப்படும். கேட்டேன். “நூல் அறுந்தா முடிஞ்சிதானே நெய்யணும்” என்றார் நெசவுக்காரர், ஊரில் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். சரிதான்.

சாரம் மூட்டித் தரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் வரலாறு படிப்பித்தவன், சும்மா இருக்க வருமா? தோமஸ் சங்காராவின் கதையை எடுத்தேன். மேற்கு ஆபிரிக்காவில் அப்பர் வோல்டா என்று ஒரு நாடு. 1983 ஓகஸ்ட் 4இல் நடந்த இராணுவப் புரட்சியில், 33 வயதுக் கப்டன் ஒருவர் அதன் தலைவரானார். அடுத்த வருடமே நாட்டின் பெயரைப் புர்கினா ஃபாசோ, நேர்மையான மனிதரின் நாடு, என்று மாற்றினார். அமைச்சர்களின் பென்ஸ் கார்களை விற்றுவிட்டுச் சின்ன ரெனோல்ட் 5 கார்களில் போகச் சொன்னார். சில வாரங்களுக்குள் இருபது இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வைத்தார். காக்காவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அரச ஊழியர்கள் உள்ளூர்ப் பருத்தியில் நெய்த ‘ஃபாசோ டான் ஃபானி’ துணிதான் உடுக்க வேண்டும் என்று சங்காரா கட்டளையிட்டதைச் சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தத் துணியின் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது ஒரே அகலமா நெய்ஞ்சதில்ல சேர். பட்டி பட்டியா நெய்ஞ்சு பொறகு மூட்டிருக்கு.” உண்மை. அங்கே பழைய தறியில் ஒடுக்கமான பட்டிகளாக நெய்துதான் இணைப்பார்கள். இத்தனை வருடம் சங்காராவைப் பற்றி வாசித்த எனக்கு அந்த மூட்டு கண்ணில் பட்டதில்லை.

கட்டளை என்றால் கள்ளமும் இருக்கும்தானே. அந்த உடையைக் கந்தோர் லாச்சியில் ஒளித்து வைத்திருந்து, தலைவர் திடீரென வருகிறார் என்றால் அவசரமாக மாட்டிக்கொள்வார்களாம். அதற்கு ‘சங்காரா வருகிறார்’ என்றே ஒரு பட்டப்பெயர். காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அந்த மனிதரோடு வேறொரு கணக்கு உண்டு. 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்கியவர் அவர். நானும் தொழிற்சங்கக் கொடி பிடித்தவன். அதை மன்னிக்க மனம் வரவில்லை. ஆனால் 1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் நடந்த ஆபிரிக்கத் தலைவர்கள் மாநாட்டில், ஆபிரிக்க நாடுகள் வெளிநாட்டுக் கடனைக் கட்டக் கூடாது என்று பேசிய அதே மேடையில், தன் குழுவினரின் உடையில் ஐரோப்பிய நூல் ஒன்றுகூட இல்லை என்று சொன்னாரே, அதைக் கேட்டால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

மூன்று மாதம் போகவில்லை. ஒக்டோபர் 15, வியாழக்கிழமை பின்னேரம் கூட்டத்தில் இருந்த சங்காராவை இராணுவ வீரர்கள் வந்து சுட்டார்கள். அவரோடு இன்னும் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவருக்கு 37 வயது. ஆட்சியைப் பிடித்தவர் உற்ற நண்பர் பிளேஸ் கொம்பாவோரே. மரணச் சான்றிதழில் ‘இயற்கை மரணம்’ என்று எழுதினார்கள். கொம்பாவோரே 27 வருடம் ஆண்டு, 2014இல் மக்கள் கிளர்ந்தபோது நாட்டைவிட்டு ஓடினார். 2022இல் சங்காரா கொலை வழக்கில், அவர் நீதிமன்றத்தில் இல்லாமலே அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். சுடப்பட்ட அன்று சங்காரா போட்டிருந்தது கைத்தறி அல்ல, விளையாட்டு உடை. 2015இல் புதைகுழியைத் தோண்டியபோது குடும்பத்தார் அடையாளம் கண்டது அந்தச் சிவப்புத் துணியின் துண்டுகளை.

காக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சிவப்புச் சாயம் அவ்வளவு காலம் நிண்டிருக்கே” என்றார். சுனாமியில் இரண்டு தறியைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவு பூட்டியிருக்கும். அளவைச் சொல்லி மூட்டச் சொல்லுங்கள். எனக்கு மூட்டியது நேராக, நெருக்கமான தையல். கடும் நிறம் எடுத்தால் தனி வாளி வையுங்கள். அடுத்த மாதத்துக்கு வெள்ளையில் நீலக்கோடு போட்டது ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மிச்ச பெனியன்களை நினைத்துத்தான்.