பழுதான கே1000, ஏஇ-1, ஓஎம்-1: எதை வாங்கிச் சரிசெய்யலாம்?

மெக்கானிக்கல் கேமரா என்றால் பழுதுபார்க்கலாம், எலெக்ட்ரானிக் என்றால் குப்பைதான் என்று பழைய ஃபிலிம் கேமரா தேடுபவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் சரி. கீச்சிடும் கேனன் ஏஇ-1 ஒரு பொட்டு எண்ணெயில் சரியாகும். ஷட்டர் வேகம் தடுமாறும் பென்டாக்ஸ் கே1000 வீட்டு மேசையில் சரியாகாது. கேமராவின் பெயரைவிட அதற்கு வந்திருக்கும் பழுது எது என்பதுதான் முக்கியம்.

முதலில் ஏஇ-1. 1976-இல் வந்தது. ஷட்டரை மின்காந்தம்தான் விடுவிக்கிறது. பேட்டரி இல்லையென்றால் ஃபிலிமை நகர்த்தும் லீவரும் இறுகும், பட்டனும் வேலை செய்யாது. "ஜாம் ஆகிவிட்டது" என்று விற்பனைக்கு வருபவற்றில் சிலவற்றுக்குப் புது பேட்டரி மட்டுமே போதும். அது 6 வோல்ட் 4எல்ஆர்44. கிடைக்காவிட்டால் நான்கு எல்ஆர்44 பொத்தான் பேட்டரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காகிதத்தால் இறுக்கச் சுற்றிப் போடலாம். பேட்டரி சோதனைப் பட்டனை அழுத்தினால் வியூஃபைண்டர் முள் 5.6 குறிக்கோ அதற்குக் கீழோ வந்து நிற்க வேண்டும். பேட்டரி மூடி பிளாஸ்டிக். நகத்தால் நெம்பினால் உடையும்.

ஷட்டர் அடிக்கும்போது எழும் இருமல் போன்ற கீச்சொலி இந்த வரிசைக் கேமராக்களுக்கே உரியது. ஒலி வருவது ஷட்டரிலிருந்து அல்ல. மிரரை இயக்கும் பல்சக்கரங்களில் எண்ணெய் காய்ந்துபோனதால். அடித்தகட்டைக் கழற்றி, நீண்ட ஊசி பொருத்திய சிரிஞ்சால் மிரர் பெட்டியின் பக்கவாட்டிலுள்ள அந்தப் பல்சக்கரங்களில் கடிகார எண்ணெயை ஒரு சிறு பொட்டு வைக்க வேண்டும். பிறகு இருபது, முப்பது முறை வெறுமனே அடித்துப் பாருங்கள். டபிள்யூடி-40 ஸ்ப்ரேயைப் பீய்ச்சுவது தற்கொலை: அது பரவி மின்காந்தத்தில் படிந்தால், கீச்சொலி போய் ஷட்டரே அடிக்காத நிலை வரும். பேட்டரி நன்றாக இருந்தும் பட்டன் வேலை செய்யவில்லையா? காந்தத்துக்கும் அதில் ஒட்டும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காகிதத்துண்டைச் செருகி மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் சர்க்யூட் பழுதாக இருக்கலாம். புது உதிரி கிடையாது. இன்னொரு கேமராவிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

கே1000-க்கு (1976 முதல் 1997 வரை தயாரானது) பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். ஒரே ஒரு எல்ஆர்44. மீட்டர் முள் அசையாவிட்டால் பயப்பட வேண்டாம். பேட்டரி அறையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் அடித்தகட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பாருங்கள். கறுத்திருந்தால் புது வயரைச் சால்டர் செய்ய வேண்டும். இதற்கு ஆஃப் சுவிட்ச் இல்லை, லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடாமல் வைத்தால் பேட்டரி தீரும், அவ்வளவுதான்.

ஷட்டர் வேறு கதை. லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, 1/1000-இல் வைத்து வெளிச்சமான ஜன்னலை நோக்கி அடியுங்கள். படச்சட்டத்தின் ஒரு ஓரம் இருண்டு தெரிந்தால், காய்ந்த கிரீஸால் ஷட்டரின் இரு திரைகளில் முதல் திரை தாமதிக்கிறது, இரண்டாம் திரை அதை எட்டிப் பிடித்து இடைவெளியை மூடிவிடுகிறது. அடியில் தெரியும் ஸ்பிரிங்கை இறுக்கினால் சரியாகும்போலத் தோன்றும். இறுக்கினால் எல்லா வேகங்களும் மாறும், ஷட்டர் சோதனைக் கருவி இல்லாமல் திரும்பப் பிடிக்க முடியாது. மெதுவான வேகங்களை மொபைலிலேயே அளக்கலாம்: நொடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) வீடியோவாகப் பதிவு செய்தால் 1/15-க்கு ஷட்டர் சுமார் 16 சட்டங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். 1/1000-க்கு இந்த வழி உதவாது.

ஒலிம்பஸ் ஓஎம்-1 (1972-இல் எம்-1 என்ற பெயரில் வந்தது) கையில் எடுத்தால் மூன்றிலும் அழகானது. ஆனால் பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் பிரிசத்தைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் பசையாக உருகி வெள்ளிப்பூச்சை அரிக்கும். வியூஃபைண்டரில் பழுப்புக் கறை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். படத்தில் அது விழாது, ஆனால் வேறு பிரிசம்தான் தீர்வு. இதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தது, அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் வெளிச்சத்தை மிகைப்படுத்திக் காட்டும், படம் இருண்டு வரும். காதுக்கருவிக்கான 675 துத்தநாக-காற்று பேட்டரியை ஒரு வளையத்துடன் வைப்பது எளிய வழி. நிலையான வழி, எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு பேட்டரியுடன், மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் ஷாட்கி டயோடு ஒன்றைச் சேர்ப்பது.

ஒளி புகாமல் தடுக்கும் பின்கதவு ஸ்பாஞ்ச் மூன்றிலும் உதிரும். மரக்குச்சியில் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டிவிட்டு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் ஒட்டினால் போதும். துகள் ஷட்டர் திரையில் விழக்கூடாது. மிரரைத் துணியால் தேய்க்காதீர்கள், பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது.

ஒரே விலைக்கு மூன்றும் கிடைத்தால் முதல் தேர்வு கீச்சிடும் ஏஇ-1, அடுத்தது மீட்டர் மட்டும் செத்த கே1000. எதை வாங்கினாலும் ஜப்பானியத் திருகுகளுக்கான ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவரையும் சேர்த்து வாங்குங்கள்; சாதாரண ஃபிலிப்ஸ் முனை வழுக்கித் திருகின் தலையைத் தின்றுவிடும்.