டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: ஊடகத் தயாரிப்பு மாணவருக்கு இது போதுமா?

திரை, டிஜிட்டல் ஊடகத் தயாரிப்புப் படிப்பில் சேர்ந்தவர்கள் முதல் பருவத்திலேயே கேட்கும் கேள்வி, எடிட்டிங் மென்பொருளுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டுமா என்பதுதான். பெரும்பாலோருக்குத் தேவையில்லை. பிளாக்மேஜிக் டிசைனின் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பை வைத்தே குறும்படம், ஆவணப்படம், இறுதியாண்டுப் படம் வரை முடித்துவிடலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) இல்லாததால் மாணவர் படம் நின்றுபோவது அரிது. கேமரா கோப்பு திறக்காததாலும், ப்ராஜெக்ட் எங்கே சேமிக்கப்படுகிறது என்று தெரியாததாலும்தான் வேலை நிற்கிறது.

ரிசால்வ் பிறந்தது கலர் கிரேடிங் (படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீர்செய்யும்) கருவியாக. 2009-இல் டாவின்சி சிஸ்டம்ஸை பிளாக்மேஜிக் வாங்கியது. 2017-இல் ஒலிக்கான ஃபேர்லைட்டும், 2018-இல் விஎஃப்எக்ஸுக்கான (காட்சி விளைவுகளுக்கான) ஃப்யூஷனும் உள்ளே வந்தன. இதனால் படிக்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம், எடிட், ஒலி, கலர் எல்லாம் ஒரே டைம்லைனில் நடப்பது. கலர் முடிந்த பிறகு ஒரு ஷாட்டை மாற்றச் சொன்னால் எடிட் பக்கத்துக்குப் போய் மாற்றிவிட்டுத் திரும்பலாம். வேறு மென்பொருளுக்கு எக்ஸ்எம்எல் (எடிட்டின் விவரக் கோப்பு) அனுப்பி, அங்கே எது காணாமல் போனது என்று தேடும் வேலை கிடையாது.

இலவசப் பதிப்பின் வரம்பு 3840×2160, நொடிக்கு 60 ஃப்ரேம். டெம்போரல், ஸ்பேஷியல் நாய்ஸ் ரிடக்‌ஷன், மேஜிக் மாஸ்க் (ஆளை மட்டும் தானாகப் பிரித்தெடுப்பது), வாய்ஸ் ஐசொலேஷன் (இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரிப்பது) போன்றவை கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில் மட்டும். குழு வேலையில் ஒருவரிடம் ஸ்டூடியோவும் மற்றவர்களிடம் இலவசப் பதிப்பும் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டூடியோவுக்கே உரிய எஃபெக்ட் போட்ட ஷாட்டை இலவசப் பதிப்பில் திறந்தால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். எந்த எஃபெக்ட் என்று தேடி அணைக்கும்வரை அது போகாது. எந்த எஃபெக்டுகளைத் தொடக்கூடாது என்று தொடக்கத்திலேயே பேசி முடிவெடுங்கள்.

கோப்பு வகைதான் முதல் தடை. விண்டோஸில் இலவசப் பதிப்பு 10-பிட் 4:2:2 ஹெச்.264 (நிறத் தகவல் அதிகமுள்ள கேமரா வடிவம்) கோப்புகளைத் திறக்கத் திணறும். ஒலி மட்டும் கேட்கும், படம் வராது. கோப்பு கெட்டுப்போயிற்று என்று நினைத்து மறுபடி காப்பி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மேக்கில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. லினக்ஸில் நிலைமை இன்னும் மோசம்: ஹெச்.264, ஹெச்.265 இரண்டுமே இலவசப் பதிப்பில் திறக்காது, ஏஏசி ஒலியும் வராது.

தீர்வு, ஷட்டர் என்கோடர் போன்ற இலவசக் கருவியில் எடிட்டிங்குக்கான டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ் வடிவத்துக்கு மாற்றுவது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தரம் குறையாது, ஆனால் இடம் பிடிக்கும்: யூஹெச்டி (3840×2160), 25 ஃப்ரேமில் ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்குச் சுமார் 300 ஜிபி, 1080-இல் சுமார் 80 ஜிபி. படப்பிடிப்புக்கு முன்பே இதைக் கணக்குப் போட்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இன்னும் நல்லது, படப்பிடிப்புக்கு முந்தைய வாரமே அந்தக் கேமராவில், அதே செட்டிங்கில் பத்து நொடி எடுத்து, எடிட் செய்யப்போகும் கணினியில் திறந்து பார்த்துவிடுவது.

ஃபோனில் எடுத்த ஃபுட்டேஜில் வேறு பிரச்சினை. ஃபோன்கள் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் ரேட்டில் பதிவு செய்கின்றன. பேட்டியின் தொடக்கத்தில் உதடும் ஒலியும் பொருந்தும். பத்தாவது நிமிடத்தில் விலகியிருக்கும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் கோப்பைத் திறந்து ஃப்ரேம் ரேட் மோட் ‘வேரியபிள்’ என்று இருந்தால், வீடியோ மாற்றும் கருவியான ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட்’ ஆக்கிய பிறகே ரிசால்வுக்குள் கொண்டு வாருங்கள். எடிட் பாதியில் மாற்றினால் வெட்டுகள் எல்லாம் இடம் பெயரும்.

டைம்லைன் ஃப்ரேம் ரேட்டையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஃபுட்டேஜ் உள்ளே வந்து டைம்லைன் உருவான பிறகு அந்த டைம்லைனின் ரேட்டை மாற்ற முடியாது. முதல் கிளிப்பைப் போடும்போது ‘ஃப்ரேம் ரேட்டை மாற்றட்டுமா’ என்று வரும் கேள்விக்குப் படிக்காமல் ஏதோ ஒரு பதிலை அழுத்துவதால்தான் 25-இல் எடுத்த படம் 30-இல் எடிட் ஆகிறது.

அடுத்தது ப்ராஜெக்ட் லைப்ரரி. இந்த மென்பொருளைப் பற்றிய எந்தப் பாராட்டுக்கும் முன் மாணவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மற்ற பல மென்பொருள்களைப் போல ரிசால்வ் உங்கள் ஃபோல்டரில் ப்ராஜெக்ட் கோப்பு எதையும் வைப்பதில்லை. ப்ராஜெக்ட், அந்தக் கணினியின் உள்ளே இருக்கும் லைப்ரரியில் போய் உட்காருகிறது. ஃபுட்டேஜ் முழுவதும் எக்ஸ்டர்னல் டிரைவில் இருக்கும், வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள், அங்கே எடிட் இருக்காது. ஆய்வகக் கணினிகளைப் பல கல்வி நிலையங்கள் அவ்வப்போது துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது வழக்கம். அப்படித் துடைத்தால் உங்கள் எடிட்டும் போய்விடும்.

இதற்கு நேரான வழி, லைப்ரரியையே எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் வைப்பது. ப்ராஜெக்ட் மேனேஜரைத் திறந்து, இடப்பக்கப் பட்டியில் ‘ஆட் ப்ராஜெக்ட் லைப்ரரி’ கொடுத்து, ‘கிரியேட்’ பகுதியில் எஸ்எஸ்டியில் ஒரு ஃபோல்டரைக் காட்டினால் போதும். வேறு கணினியில் அதே ஃபோல்டரை ‘கனெக்ட்’ செய்து தொடரலாம். மேக், விண்டோஸ் இரண்டிலும் வேலை செய்பவர் எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட்டில் (இரண்டும் படிக்கும் வட்டு வடிவம்) ஃபார்மேட் செய்ய வேண்டும். எக்ஸ்ஃபேட் திடீர்த் துண்டிப்பைத் தாங்காது. இஜெக்ட் செய்யாமல் கேபிளைப் பிடுங்கினால் லைப்ரரியே கெட்டுவிடக்கூடும்.

அதனால் இன்னொரு பாதுகாப்பும் வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்டை ‘எக்ஸ்போர்ட்’ செய்து டிஆர்பி (ரிசால்வ் ப்ராஜெக்ட்) கோப்பாக வேறொரு இடத்தில் வையுங்கள். அதில் ஃபுட்டேஜ் இருக்காது, வெட்டுகளும் கலரும் மட்டும்தான். மின்னஞ்சலில் அனுப்பும் அளவுக்குச் சிறியது. ஃபுட்டேஜோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்றால் ‘ஆர்க்கைவ்’. பிரிஃபரன்ஸஸில் ப்ராஜெக்ட் பேக்கப்பும் லைவ் சேவும் இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிப்பு எண்ணும் முக்கியம். புதிய பதிப்பில் திறந்து சேமித்த ப்ராஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது. ஆய்வகத்தில் எந்தப் பதிப்போ அதையே வீட்டிலும் போடுங்கள். பழைய பதிப்புகளும் பிளாக்மேஜிக் தளத்தில் கிடைக்கின்றன. பருவம் முடியும்வரை ‘அப்டேட்’ வேண்டாம்.

கலர் பக்கத்தில்தான் இது தன் பிறப்பைக் காட்டுகிறது. வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் வேவ்ஃபார்ம், பரேட், வெக்டர்ஸ்கோப் எல்லாம் இலவசம். லாக் ஃபுட்டேஜைக் (வெளிச்ச விவரம் அதிகம் தங்க, வெளிறிய தோற்றத்தில் பதிவானது) கையாளும் நோடு (திருத்தப் படி) வரிசையைப் பாருங்கள். முதல் நோடில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்: உள்ளீடு, சோனி கேமராவானால், எஸ்-கேமட்3.சினி, எஸ்-லாக்3; வெளியீடு டாவின்சி வைட் கேமட், டாவின்சி இன்டர்மீடியட். கடைசி நோடில் அங்கிருந்து ரெக்.709 (சாதாரணத் திரைக்கான நிறத் தரம்), காமா 2.4. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஸ்கின் டோன் எல்லாம் இவற்றுக்கு நடுவே. பலர் 709-க்கு மாற்றும் லட்டை (நிறம் மாற்றும் அட்டவணைக் கோப்பு) முதல் நோடில் போட்டுவிட்டு, வெளுத்த வானத்தைப் பின்னால் வரும் நோடில் மீட்கப் பார்க்கிறார்கள். லட் தன் எல்லைக்கு மேலுள்ள வெளிச்சத்தை அங்கேயே வெட்டிவிடுகிறது. பின்னால் இழுத்தால் வானம் சாம்பலாகுமே தவிர மேகம் திரும்பாது. லட்டுக்கு முன்னால் உள்ள நோடில் எக்ஸ்போஷரைக் குறைத்தால், கேமரா பதிவு செய்திருந்தால், மேகம் இருக்கும்.

ஒலியைப் பொறுத்தவரை ஃபேர்லைட் போதுமானது. கேமரா ஒலியையும் ரெக்கார்டர் ஒலியையும் தேர்ந்தெடுத்து ‘ஆட்டோ சிங்க்’, ‘வேவ்ஃபார்ம்’ கொடுத்தால் பெரும்பாலும் சரியாக ஒட்டும். காற்று இரைச்சல் நிறைந்த இடங்களில் தவறும். கிளாப் அடித்திருந்தால் கையால் சேர்க்கலாம். ஐரோப்பிய ஒளிபரப்புத் தரமான ஆர்128 கேட்டால் இலக்கு மைனஸ் 23 லஃப்ஸ் (ஒலி உரப்பின் அலகு).

கணினி விஷயத்தில் ரிசால்வ் இரக்கம் காட்டாது. 16 ஜிபி ரேம் குறைந்தபட்சம், ஃப்யூஷனுக்கு 32. அதைவிட முக்கியம் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம். ‘ஜிபியூ மெமரி ஃபுல்’ என்று வந்தால் ரேம் சேர்த்துப் பயனில்லை. டைம்லைனை 1080-க்கு இறக்கி, ப்ராக்ஸி (எடை குறைந்த நகல் கோப்பு) உருவாக்கி எடிட் செய்யுங்கள், வெளியீட்டின்போது மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ரெண்டர் கேஷை (முன்கூட்டியே தயாராகும் தற்காலிகக் கோப்புகள்) ‘ஸ்மார்ட்’ ஆக்கினால் கனமான இடங்களும் சீராக ஓடும், ஆனால் கேஷ் சத்தமில்லாமல் பல ஜிபியை விழுங்கும். அதை சிஸ்டம் டிரைவில் விடாதீர்கள்.

மேக்கில் ரெண்டர் செய்த படம் குயிக்டைமில் வெளிறித் தெரிந்தால் கிரேடை ஏற்ற வேண்டாம். அது காமா டேக்கை (கோப்பில் உள்ள வெளிச்சக் குறிப்பு) குயிக்டைம் படிக்கும் விதத்தால் வருவது. டெலிவர் பக்கத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் காமா டேக்கை ரெக்.709-ஏ ஆக்கி மறுபடி ரெண்டர் செய்து பாருங்கள்.

ஸ்டூடியோ யாருக்கு? குறைந்த வெளிச்சத்தில் அதிகம் எடுப்பவர்களுக்கும், 10-பிட் கேமரா வைத்து விண்டோஸில் வேலை செய்து, மாற்ற நேரமும் டிஸ்க்கும் இல்லாதவர்களுக்கும். சந்தா இல்லை, ஒருமுறை வாங்கும் உரிமம். இரண்டு கணினிகளில் போடலாம். வாங்குவதற்கு முன் உங்கள் துறையில் பிளாக்மேஜிக் சினிமா கேமரா இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவற்றோடு ஸ்டூடியோ உரிமமும் வரும். பிரிக்காத பெட்டியில் அந்தச் சாவி இன்னும் கிடக்கலாம்.