கூகுள் காலண்டரும் நானும்: மூணு வருஷம் யூஸ் பண்ணுன அனுபவம்

நான் தக்கலை பக்கத்துல வீட்டுல இருந்தே கணக்கு வேலை பாக்கேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், திங்கள்சந்தைன்னு ஒரு இருபது கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதுபோக லண்டன்ல ஒரு சின்ன கம்பெனிக்கு மாசக் கணக்கு. 2022 கடைசில இருந்து கூகுள் காலண்டர்தான், முதல் ஒரு வருஷம் அத தப்பா யூஸ் பண்ணியிருக்கேன், அத சொல்லத்தான் இத எழுதுறேன்.

அப்போ நான் போட்டதெல்லாம் கடைசி தேதிதான். 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடிச்சு வச்ச வரிய கட்டுறது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாச வரிக் கணக்கு), ஒவ்வொண்ணுக்கும் சிவப்பு கலர், ரிபீட் வச்சு விட்டாச்சு. பாக்க நல்லா இருக்கும், ஆனா 20-ஆம் தேதி காலைல போன் டிங்குன்னு அடிக்கும்போது பாத்தா எட்டு கடை பாக்கி கிடக்கும், அன்னைக்கு ராத்திரி சாப்பாடு பதினோரு மணிக்குத்தான். ஒரு நாள் தள்ளுனாலும் கடைக்காரங்களுக்கு நாளுக்கு 50 ரூபா லேட் ஃபீ, வரிப் பணத்துக்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி வேற, அவங்க காச நாம வீணாக்கக் கூடாதுல்லா.

அப்புறந்தான் புரிஞ்சுது, காலண்டர்ல போட வேண்டியது கடைசி தேதி இல்ல, உக்காந்து வேலை பாக்குற நேரம். 3பி போட 2பி வேணும் (வாங்குன பில்லுக்கு கழிச்சுக்கிடுற வரியோட லிஸ்ட்), அது 14-ஆம் தேதிதான் வரும், அதுக்கு முன்னாடி முட்டி மோதி பிரயோஜனம் இல்ல. அதனால 14-ல இருந்து 18 வரைக்கும் காலைல 9:30 டு 12:30 கட்டம் கட்டி போட்டேன், ஒவ்வொரு கட்டத்துலயும் கடை பேரு. 19 காலி. அந்த காலி நாளுதான் என்ன காப்பாத்துது, பர்ச்சேஸ் பில்ல லேட்டா கொண்டு வாற ஆளு மாசத்துக்கு ரெண்டு பேராவது இருக்காங்க, அவங்களுக்கு அது.

இன்னொண்ணு, இத யாரும் சொல்லித் தரல. வேலை முடிஞ்சதும் அந்த கட்டத்தோட முடிவு நேரத்த நெசமா எத்தனை மணிக்கு முடிஞ்சுதோ அதுக்கு இழுத்து மாத்தி வச்சிருவேன். ஒரு மணி நேரம்னு நெனச்சு போட்ட மெடிக்கல் ஷாப்பு, மூணு மாசமும் மூணு மணி நேரத்துக்கு கொறஞ்சு முடிஞ்சதே இல்ல, பில்லு அவ்வளவு. கடைசில அந்த அண்ணாச்சிகிட்ட போனையே நீட்டி காட்டினேன். அவரு கண்ணாடிய நெத்தில தூக்கி வச்சுகிட்டு ஒவ்வொரு கட்டமா பாத்தாரு, “இவ்வளவு நேரமா மக்ளே ஆகுது?”ன்னு கேட்டாரு, அடுத்த மாசத்துல இருந்து ஃபீஸ கூட்டி தந்தாரு.

லண்டன் விஷயத்துல ஒரு அடி வாங்கியிருக்கேன். அவங்களுக்கு காலைல 10 மணின்னா நமக்கு மத்தியானம் 2:30, அவங்களோட பேசுற மீட்டிங்க நான் அப்படியே நம்ம நேரத்துல ரிபீட் போட்டு வச்சிருந்தேன். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க, அதுக்கப்புறம் அதே 10 மணி நமக்கு 3:30. நான் 2:30-க்கு லேப்டாப் முன்னால தனியா உக்காந்திருந்தேன், யாரையும் காணல, சரின்னு மார்த்தாண்டம் கெளம்பிட்டேன், அவங்க 3:30-க்கு கூப்பிடும்போது நான் பஸ்ஸுல. ரொம்ப சங்கடமா போச்சு. ஈவென்ட்ட போடும்போதே டைம் ஜோன்னு ஒண்ணு இருக்கு, அதுல லண்டன்னு வச்சா மார்ச்லயும் அக்டோபர்லயும் தானா மாறிக்கிடும். வெளிநாட்டு ஆளோட வேலை செய்றவங்க இத இன்னைக்கே பாத்து மாத்துங்க.

புக்கிங் லிங்க்கும் வச்சிருக்கேன், அத தொட்டா என்கூட பேசுற நேரத்த அவங்களே குறிச்சுக்கிடலாம். முதல்ல அதுக்குன்னு இருக்குற காலண்ட்லி ஆப் பாத்தேன், ஃப்ரீல ஒரே ஒரு வகை மீட்டிங்தான், அப்புறம் கூகுள்லயே புக்கிங் பேஜ் இருக்குன்னு அதுக்கு மாறிட்டேன், ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல 15 நிமிஷம் கேப்பும் விட்டாச்சு. லண்டன்காரங்களுக்கு அது அருமை. நம்ம ஊர் கடைக்காரங்க லிங்க்க தொட மாட்டாங்க, வாட்ஸப்புல வாய்ஸ் அனுப்புவாங்க இல்லன்னா நேரா வீட்டுக்கே வந்திருவாங்க, அவங்கள லிங்க்குல வரச் சொல்றது மரியாதையும் இல்ல. பேசிகிட்டே நானே போட்டுருவேன். நாகர்கோவில் போகணும்னா போக வர தனி கட்டம், தக்கலைல பஸ் ஏறுறதுல இருந்து கணக்கு.

கூகுள் போடுற லீவு லிஸ்ட்ட மட்டும் நம்பாதீங்க. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, நம்ம மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை, அது அதுல வராது. அன்னைக்கு ஆபீஸ் பூட்டிக்கிடக்கும், கோட்டாறு பக்கம் வண்டியும் நகராது. அத நானே போட்டு வருஷா வருஷம் ரிபீட் வச்சிருக்கேன், 7-ஆம் தேதி டிடிஎஸ்ஸ 2-ஆம் தேதியே முடிச்சிருவேன். சாயங்காலம் பிள்ளைகள கூட்டிகிட்டு திருவிழாக்கு போகணும், அதுவும் காலண்டர்ல பச்சை கலர்ல இருக்கு.