சூடா, அமிலமா: மட்டிக்குள் உலோகம் ஏறுவது எதனால்?

மட்டக்களப்பு வாவியில் ஒரு மட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் சூடானால் அதன் உடலும் சூடாகும், சுவாசம் வேகமாகும். செவுள் வழியே கூடுதல் நீர் ஓடும். அதோடு நீரில் கரைந்த கட்மியம், செம்பு போன்ற உலோகங்களும் உள்ளே போகும். வெளியேற்றமும் வேகமாகும்தான், ஆனால் பல இனங்களில் உள்வரவே முந்துகிறது.

அமிலம் இவ்வளவு நேரடி இல்லை. தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேல்நீரின் பி.எச். (அமிலத்தைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் கூடியது என்று பொருள்) சுமார் 8.2இலிருந்து 8.1ஆகக் குறைந்தது. சின்ன எண்தான், ஆனால் அமிலத்தைத் தரும் ஐதரசன் அயன்கள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிட்டன. கடல்நீரில் சேதனப் பொருளோடு சேராத செம்பு பெரும்பாலும் காபனேற்று அயனோடு ஒட்டிக் கிடக்கும். அமிலம் கூடிக் காபனேற்று குறைய, விடுபட்ட செப்பயன் கூடும், நஞ்சும் கூடும். கட்மியமோ கடலுப்பிலுள்ள குளோரைட்டைப் பிடித்திருப்பதால் பெரிதாக அசையாது.

சரி, வாவிக்கு எது பெரிசு? நான் சூட்டைத்தான் முதலில் பார்ப்பேன். ஆழம் குறைந்த நீர் வெயிலில் சட்டென்று சூடேறும். பி.எச். அங்கே பகலுக்கும் இரவுக்குமே ஏறி இறங்குவதால், மெல்லக் கூடும் அமிலத்தைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது கடினம்.