'டியூட்டி ஃப்ரீ' என்ற பெயரில் ஒன்பது வருடம் கருவி இறக்கிய அனுபவம்

ஆராய்ச்சிக் கருவிகளைச் சுங்கவரிச் சலுகையில் இறக்குமதி செய்வதற்கு எங்கள் துறையில் 'டியூட்டி ஃப்ரீ' என்றுதான் பெயர். ஆனால் 2016-ல் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வெளிநாட்டுக் கருவி வாங்கும் வேலை என் தலையில் விழுந்ததிலிருந்து ஒரு முறைகூட வரியே கட்டாமல் எதையும் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்ததில்லை. இருப்பது சலுகை வரிதான். மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சித் துறையான டி.எஸ்.ஐ.ஆர்.-ல் பதிவான ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அடிப்படை சுங்கவரி 5 சதவீதம் போதும் என்று 1996-ல் வந்த 51/96 அறிவிக்கைதான் இத்தனை வருடம் நாங்கள் நம்பி ஓட்டியது.

முதல் கருவி வந்தபோது மொத்தமே 5.15 சதவீதம். ஜிஎஸ்டி வந்த பிறகு அதிலும் 5 சதவீதம் மட்டும் கட்டும் சலுகை கிடைத்ததால், சமூகநல சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியெல்லாம் சேர்த்து 10.775 ஆனது. சரி, பரவாயில்லை என்றிருந்தோம். 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அந்தச் சலுகையை எடுக்கச் சொன்னது, ஜூலை 18 முதல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி, 18 சதவீதம். மொத்தம் 24.49.

எங்கள் கதை இங்கேதான் கிழிந்தது. சுமார் 40 லட்சத்துக்கு ஒரு ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கி ஏப்ரலிலேயே ஆர்டர் போட்டாச்சு, பழைய கணக்கில் வரிக்கு 4.31 லட்சம் ஒதுக்கியிருந்தோம், பெட்டி மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கும்போது செப்டம்பர். ஆர்டர் தேதிக்கு மதிப்பே இல்லை, பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) போடும் அன்று என்ன வரியோ அதுதான். கணக்குப் பார்த்தால் 9.80 லட்சம். திட்ட நிதியில் கூடுதலாக ஒரு ரூபாய் தரமாட்டார்கள் என்பது ஜூலையிலேயே தெரிந்துவிட்டதால், செல்களை உயிரோடு வைத்துப் பார்க்கும் இன்குபேட்டர் பெட்டியை விமானமேறும் முன்பே ஆர்டரிலிருந்து தூக்கினோம். நுண்ணோக்கி வாங்கியதே அதற்காகத்தான் என்பது வேறு விஷயம்.

இப்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: சலுகையே இல்லாவிட்டால் எவ்வளவு? அடிப்படை வரி ஏழரை சதவீதமாக உள்ள கருவிக்கு மொத்தம் 27.7 சொச்சம் வரும். ஆக மிச்சம் மூன்றேகால் சதவீதம்தான், 40 லட்சத்துக்கு ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு காலத்தில் ஆறேழு லட்சம் மிச்சப்படுத்திக் கொடுத்த அதே சான்றிதழ், அதே பதிவாளர் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இறக்குமதிக்கும் தனியாக, 'இது ஆராய்ச்சிக்கு அவசியம், அதற்கு மட்டுமே பயன்படும்' என்று நிறுவனத் தலைமை சான்று தர வேண்டும். அதில் உள்ள பெயரும் இன்வாய்ஸில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். எங்கள் நுண்ணோக்கியின் கேமரா தனிப் பெட்டியில், இன்வாய்ஸில் தனி ஐட்டமாக வந்தது. சான்றிதழில் 'நுண்ணோக்கியும் துணைக்கருவிகளும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். கேமரா எப்படி விஞ்ஞானக் கருவி ஆகும் என்று சுங்க அதிகாரிகள் கேட்டார்கள், திருத்திய சான்றிதழ் வாங்க ஆறு நாள், அதுவரை சரக்கு அங்கே கிடந்ததற்கான டெமரேஜ் கட்டணம் எங்கள் கணக்கில். தப்பு என் பேரில்தான். அதற்கப்புறம் விற்பவர் முன்கூட்டித் தரும் புரோஃபார்மா இன்வாய்ஸைச் சுங்க ஏஜென்ட்டிடம் காட்டாமல் ஆர்டரே போடுவதில்லை. சான்றிதழில் கேபிள் வரைக்கும் எழுதிவிடுகிறேன். டி.எஸ்.ஐ.ஆர். பதிவு எப்போது காலாவதி ஆகிறது என்பதையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ரிப்பேர். அதே கேமரா பழுதாகி, வாரண்டியில் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்றதால் வெளிநாட்டுக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது வரி கேட்டார்கள். பணம் கொடுத்தோமோ இல்லையோ, ரிப்பேருக்கு ஆகக்கூடிய செலவு, போக வர சரக்குக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். அனுப்பும்போது சீரியல் எண்ணைக் காகிதத்தில் ஏற்றியிருந்ததால் முழுக் கருவி விலைக்குக் கட்டாமல் தப்பித்தோம்.

இன்னொன்று, நிறுவிய நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குக் கருவியை விற்கவோ கைமாற்றவோ கூடாது. வேறு கல்லூரிக்குப் போகும் பேராசிரியர் தன் கருவியையும் கூட்டிக்கொண்டு போக நினைத்தால் முதலில் இதைப் படிக்கட்டும்.

2024 பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கு 10 சதவீத வரியை 150 சதவீதம் ஆக்கிவிட்டு, கூச்சல் கிளம்பியதும் சில நாளில் ஆராய்ச்சிக்கு மட்டும் திரும்ப 10 ஆக்கினார்கள். அந்த வாரம் எங்கள் ஸ்டோரில் யாரும் தூங்கவில்லை. அதனால் எந்த விகிதத்தையும், மேலே நான் எழுதியதையும் சேர்த்து, ஆர்டர் போடும் வாரத்தில் ஒரு தடவை சரிபாருங்கள்.

திரும்ப இதே வழியில் வாங்குவேனா? ஒரு கோடிக்கு மேல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம். பத்துப் பன்னிரண்டு லட்சக் கருவிக்கு இப்போதெல்லாம் உள்ளூர் டீலரிடம் ரூபாய் கொட்டேஷனும் சேர்த்து வாங்குகிறேன். போன மாதம் ஒரு சென்ட்ரிஃபியூஜுக்கு இரண்டுக்கும் இருந்த வித்தியாசம், ஏஜென்ட் கட்டணத்தையும் என் மூன்று மீனம்பாக்கம் பயணத்தையும் கழித்தால், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.