ஹாலோபாடி பேஸுக்கு எந்த ஃப்ளாட்வவுண்ட்?

வயலின் பேஸ் (பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வாசித்த வகை; வயலின் வடிவில், உள்ளே கூடான உடல் கொண்ட ஹாலோபாடி பேஸ் கிட்டார்) கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, மெக்கார்ட்னி சவுண்டு வரணும்னா என்ன ஸ்ட்ரிங் போடணும்?" பினாங்கில் இப்படிக் கேட்கிறவர் பெரும்பாலும் பிறை, பட்டர்வொர்த் பக்கம் கல்யாண டின்னர்களில் வாசிக்கிற தம்பியாக இருப்பார். அவர் மேடையில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று வந்தாலே அதிகம். எம்.எஸ்.வி.யில் தொடங்கி, பாதி நேரம் இளையராஜாவில் போய், மலாய்ப் பாட்டு ஒன்றிரண்டைத் தொட்டு, கடைசியில் குத்துப்பாட்டில் முடியும். கம்பியை அந்தப் பட்டியலுக்குத் தகுந்த மாதிரி தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இளையராஜாவின் பேஸ் தாளத்துக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருக்காது. தடித்த ஈ கம்பியில் கிளம்பி, மெலிந்த டி, ஜி கம்பிகளில் ஏறி, தனியாக ஒரு மெட்டே பாடும். ஏறும்போது சத்தம் பாதியாகக் குறைந்தால் அந்த மெட்டு போச்சு. அதனால் நான்கு கம்பியும் ஒரே அளவில் கேட்கிறதா என்பதைத்தான் இந்த அலசலில் முதல் அளவுகோலாக வைத்திருக்கிறேன். 'பழைய சவுண்டு', 'மரச் சவுண்டு' எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் ஃப்ளாட்வவுண்ட் என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரவுண்ட்வவுண்டில் நடுக் கம்பியைச் சுற்றுவது உருண்டைக் கம்பி. ஃப்ளாட்டில் அது தட்டையான பட்டை. மேலே வழுவழுப்பாக இருக்கும், விரல் நகரும்போது கீச்சென்ற சத்தம் வராது, மேல் ஸ்தாயி ஒலிகள் சீக்கிரம் அடங்கிவிடும். ஹாலோபாடியின் 'தும்' என்ற அடிக்கு அது பொருந்தும். நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிற ஊரில், ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் புகுந்து கம்பி சீக்கிரம் செத்துவிடும். ஃப்ளாட்டில் அழுக்கு போய் உட்கார இடம் குறைவு.

சரி, எந்த ஃப்ளாட்? நீள்ஸ்கேல் பேஸுக்கு (ஸ்கேல் என்றால் கம்பி அதிரும் நீளம்) எழுதப்பட்ட பாராட்டுகளை முதலில் ஓரமாக வையுங்கள். ஹோஃப்னர் 500/1 1956இல் வந்த பேஸ்; மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கியது அதைத்தான். அதன் ஸ்கேல் நீளம் ஏறக்குறைய 30 அங்குலம். ஃபெண்டர் வகையில் அது 34. அதே கனமுள்ள கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் இருமடிப்படி மாறும். 30ஐ 34ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.78 வருகிறது. 34 அங்குலத்தில் 'கனகச்சிதம்' என்று ஒருவர் எழுதிய செட், உங்கள் பேஸில் 22 சதவீதம் தொய்வாக இருக்கும் என்று அர்த்தம். அந்தத் தொய்வைச் சரிக்கட்ட தடிமனான செட்டுக்குத் தாவுவதும் சரிப்படாது. மோட்டவுன் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 52-110 லா பெல்லா செட் (ஜி 52, ஈ 110 என்ற தடிமன்) அற்புதமானதுதான். அவர் வாசித்தது கெட்டிப் பலகை கொண்ட ஃபெண்டர் பிரிசிஷன். மெல்லிய மேல்பலகையும் அதன் மேல் சும்மா நிற்கிற பிரிட்ஜும் (கம்பிகளைத் தாங்கும் பாலம்) உள்ள பேஸில் அதை ஏற்ற எனக்கு மனசு வராது.

கடைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்களை வைத்து வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். கம்பியின் தடிமனை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதன் சுருதி அதிர்வெண்ணால் பெருக்குங்கள். ஜி 98, டி 73.4, ஏ 55, ஈ 41.2 ஹெர்ட்ஸ். நான்கு விடைகளும் எவ்வளவு நெருக்கமாக வருகின்றனவோ, நான்கு கம்பிகளின் இறுக்கமும் அவ்வளவு நெருக்கம். ஒரே செட்டுக்குள், ஒரே மாதிரி செய்யப்பட்ட கம்பிகளுக்குத்தான் இது ஓரளவு பொருந்தும். கம்பெனிக்குக் கம்பெனி உள்கம்பியும் பட்டையும் மாறுவதால், இரண்டு செட்டை இந்தக் கணக்கில் எதிரெதிரே நிறுத்த முடியாது.

வயலின் பேஸுக்கென்றே லா பெல்லா போடுகிற 760எஃப்எச்பி2 செட் 39-56-77-96. பெருக்கினால் 3822, 4110, 4235, 3955. மெலிந்த செட்தான், ஆனால் நான்கும் அருகருகே வந்து நிற்கின்றன. விரலில் தெரிவதும் அதுதான்: ஈயில் இருந்து ஜிக்குத் தாவும்போது வலது கை பலத்தை மாற்ற வேண்டியதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் துருப் பயம் குறைவு. கம்பி மெலிசாக இருப்பதால் பிரிட்ஜ் மேல்பலகையை அழுத்துவதும் குறையும். ஒலி கறுப்பு, அதாவது பளபளப்பில்லாமல் அடர்த்தி; ஆரம்பத்தில் இருந்தே கறுப்பு. டிரம்ஸ் பலமாக அடிக்கிற மேடையில் இந்தக் கறுப்பு கொஞ்சம் அமுங்கிப் போகும் என்பதே இதன் குறை.

டடாரியோ குரோம்ஸ் ஷார்ட் ஸ்கேல், இசிபி81எஸ், 45-65-80-100. இதற்கு வருவது 4410, 4771, 4400, 4120. டி கம்பி முறுக்கேறி நிற்கும், ஈ தொய்ந்து கிடக்கும். இந்த விடைகளை இருமடியாக்கினால்தான் இழுவிசை. அப்படிப் பார்த்தால் டிக்கும் ஈக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். 34 அங்குலத்தில் அவ்வளவாக உறைக்காத அந்த வித்தியாசம், 30 அங்குலத்தில் ஈ கம்பியை நனைந்த கயிறு மாதிரி ஆக்கிவிடுகிறது. ஆனாலும் குரோம்ஸை ஒதுக்கிவிட மாட்டேன். இங்கே பார்க்கும் நான்கு செட்களில் எளிதாகக் கிடைப்பதும் விலை குறைந்ததும் இதுதான். ஃப்ளாட்டுகளில் பளிச்சென்று ஒலிப்பதும் இதுவே. கல்யாண மண்டபத்தில் கீபோர்டும் தவிலும் சேர்ந்து முழங்கும்போது பேஸ் எங்கே இருக்கிறது என்று கேட்கும். குத்துப்பாட்டுதான் உங்கள் முக்கால்வாசி வேலை என்றால் குரோம்ஸ் போட்டுவிட்டு ஈயை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தட்டப் பழகலாம்.

வியன்னாவில் இருந்து வரும் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட்ஸ் வேறு உலகம். ஷார்ட் ஸ்கேல் ஜேஎஃப்324 செட் 43-56-70-106. நிக்கல் பட்டை, இளகிய கம்பி. டி, ஜி கம்பிகளில் மேலே போகும்போது பாடகர் மூச்சுப் பிடித்து நிறுத்துகிற மாதிரி நீளமாக நிற்கும். இளையராஜாவின் மெலடிகளுக்கு என் காது கேட்பது இதைத்தான். விலைதான் கையைக் கடிக்கும். கை கனமானவர்களுக்கு இது சரிவராது. ஓங்கித் தட்டினால் கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) போய் இடித்து கிர்ரென்று சத்தம் போடும். 106 ஈ கம்பிக்கு நட்டில் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் சிறு கட்டை) உள்ள பள்ளமும் போதுமா என்று பார்க்க வேண்டும். 96க்கோ 100க்கோ அறுத்த பள்ளத்தில் அது இறங்காமல் மேலே நின்றால் முதல் ஃப்ரெட்டில் அமுக்கவே சிரமப்படும்.

ஜெர்மனியின் பிரமிட் கோல்ட், பீட்டில்ஸ் பைத்தியங்களுக்கு. தூய நிக்கல், வட்டமான உள்கம்பி, அழகான பழைய ஒலி, அதற்கேற்ற விலை. அந்த ஒலிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் இதற்குச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். வாங்கினால் ஒன்றே ஒன்று: கீயில் (சுருதி ஏற்றும் திருகி) நுழைத்து கம்பியை நன்றாக மடக்கிய பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் வட்ட உள்கம்பியின் மேல் பட்டை பிடியில்லாமல் அவிழ்ந்து, புதுக் கம்பி கண்ணெதிரே வீணாகும்.

என்னிடம் ஒரே பதில் கேட்டால் லா பெல்லா. மென்மையாக வாசிக்கிறவர், பாக்கெட்டும் இடம் கொடுக்கிறது என்றால் தோமாஸ்டிக்.

எதை வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள்: டெயில்பீஸில் கம்பியின் குண்டு உட்காரும் இடத்தில் இருந்து நட் வரை. வயலின் பேஸில் டெயில்பீஸ் பிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் இந்த நீளம் 30 அங்குலத்தைத் தாண்டிவிடும். பெட்டியில் 'ஷார்ட் ஸ்கேல்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கினால், கம்பியின் நுனியில் பட்டுநூல் சுற்றிய பகுதி நட்டுக்கு உள்ளே, வாசிக்கிற பக்கம் வந்து உட்கார்ந்துவிடலாம். அங்கே ஒலி செத்துப்போகும். அதற்காக ரொம்ப நீளமானதை வாங்கினால் தடித்த பகுதி கீயைச் சுற்றி மடங்கி, பட்டை விரிந்துவிடும். தயாரிப்பாளர்கள் குண்டில் இருந்து பட்டுநூல் வரை உள்ள நீளத்தைத் தருவார்கள். அதை உங்கள் அளவோடு ஒப்பிட்டால் போதும்.

மாட்டும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். பிரிட்ஜை நிறுத்தி வைத்திருப்பது கம்பிகளின் அழுத்தம்தான்; மொத்தமும் போனால் அது நழுவிவிடும். பிரிட்ஜின் கால்களை ஒட்டி மேல்பலகையில் காகித டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கம்பி அமுங்கியோ ஒன்று துருத்தியோ கேட்டால் உடனே அடுத்த செட்டுக்கு ஆர்டர் போடாதீர்கள். இறுக்கம் சமமாக இருந்தால் சத்தமும் சமமாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவி) கேட்பது, தன் மேல் அதிர்கிற, காந்தத்துக்கு இழுபடும் உலோகத்தை. அது எவ்வளவு, எவ்வளவு கிட்டத்தில் என்பதுதான் கணக்கு. மிக்ஸரில் நேராகச் செருகி, ஆம்பை அணைத்துவிட்டு, சேனல் மீட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஒரே விரல், ஒரே பலம். நான்கு கம்பியையும் திறந்து ஒரு முறை, ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒரு முறை. கடைசி ஃப்ரெட்டில் அமுக்கிப் பிடித்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். கம்பி பிக்கப்புக்கு மிகக் கிட்டே வருவது அப்போதுதான்.

பெரும்பாலும் ஈ பக்கம் பிக்கப் அதிகம் தூக்கியிருக்கும். அதைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறக்கினாலே ஜி கம்பி எட்டிப் பார்க்கும். ஜியைத் தூக்குவதைவிட ஈயை இறக்குவது எப்போதும் நல்லது. காந்தம் கிட்டே போனால் தடிக் கம்பியைப் பிடித்து இழுக்கும், மேல் ஃப்ரெட்களில் சுருதி ஆடும். ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் திருகி உயர்த்தக்கூடிய காந்தத் துருவங்கள் உள்ள பிக்கப் என்றால் மிச்ச வித்தியாசத்தைக் கம்பிக்குக் கம்பி சரிசெய்யலாம். அசையாத துருவங்கள் என்றால் இரண்டு பக்க உயரத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். கம்ப்ரெஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கருவி) வாங்குவது இதற்கெல்லாம் பிறகு.

ஒரு கம்பி முழுவதும் இல்லாமல் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் ஊதிப் பெருத்தால் அது உடலின் வேலை. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் பலகைக்கும் பிடித்த சுருதிகள் உண்டு. அவை வரும்போது 'பூம்' என்று எழும். மேடையில் சப்வூஃபர் பக்கத்தில் நின்றால் இதுவே ஊளையாக மாறும். மேல்பலகையில் எஃப் வடிவத் துளை உள்ள பேஸ் என்றால் அதற்குள் ஸ்பாஞ்சு செருகுவதும், ஸ்பீக்கரை விட்டு நகர்ந்து நிற்பதும் காசில்லாத மருந்து. மிக்ஸரில் அந்த ஒரு அலைவரிசையை மட்டும் குறைக்கலாம். தாழ்ஸ்தாயி ஒலி மொத்தத்தையும் குறைத்தால் ஈ கம்பி காணாமல் போகும்.

வயலின் பேஸின் கழுத்து கீழே சாய்வது தனிப் பிரச்சினை, கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடல் காற்றடைத்த பெட்டி, தலைப்பக்கம் உலோகக் கீகள். கை எடுத்ததும் கழுத்து இறங்கும். இடது கை அதைத் தாங்கிக்கொண்டே வாசித்தால் மேடையில் இரண்டாவது சுற்றிலேயே தோள் வலிக்கும். முதலில் உள்பக்கம் சொரசொரப்பான தோல் வைத்த அகலத் தோள்பட்டி போட்டுப் பாருங்கள், நைலான் பட்டி சட்டையில் வழுக்கும். கீகள் கனமான வகை என்றால் இலேசான கீகளுக்கு மாறுவது நல்ல பலன் தரும். பட்டி பிடித்திருக்கும் இடத்தில் இருந்து அவை வெகுதூரத்தில் இருப்பதால், அங்கே குறைக்கும் ஒவ்வொரு கிராமும் உடலின் பின்பக்கம் சேர்க்கும் பல கிராமுக்குச் சமம். சில வயலின் பேஸ்களில் வருகிற பட்டைக் கீகள் (ஒரே தகட்டில் வரிசையாகப் பொருத்தியவை) ஏற்கெனவே இலேசானவை. அங்கே இந்தச் செலவு வீண். பட்டிப் பொத்தானை இடம் மாற்றுவது கடைசி வழி, அதையும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஹாலோபாடியில் திருகு பிடிக்க உள்ளே கட்டை இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். மற்ற இடத்தில் துளை போட்டால் மெல்லிய பலகைதான் விரியும்.