செக்கு எண்ணெய ஆன்லைன்ல வித்த 7 வருஷம்: எது வேலைக்காச்சு, எது ஆகல

காங்கேயம் பக்கத்துல எங்களுக்கு ஒரு சின்ன மரச்செக்கு இருக்குங்க. வாகை மரத்துல ரெண்டு செக்கு, மோட்டார்ல ஓடுது. மாடெல்லாம் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா போன் பண்றவங்கள்ல பாதிப்பேரு "மாடு சுத்தற வீடியோ அனுப்புங்கக்கா"னுதான் ஆரம்பிப்பாங்க. செக்கு வீட்டுக்காரர் பொறுப்பு, போன் என் பொறுப்பு. 2018ல பேஸ்புக் பேஜ் ஆரம்பிச்சதுல இருந்து பேஸ்புக், டிக்டாக், இன்ஸ்டா, வாட்ஸ்ஆப், கூகுள் மேப், பிளாக்னு எல்லாத்தையும் ஒரு கை பாத்தாச்சு.

டிக்டாக்க மொதல்ல முடிச்சிடறேன், ஏன்னா அதுவே ஒரே நாள்ல முடிஞ்சு போச்சு. கொப்பரை ஆடி எண்ணெய் சொட்டறத போட்டா கூட்டம் கூட்டமா பாத்தாங்க, 11 ஆயிரம் பேரு பாலோ பண்ணுனாங்க, எனக்கு தலைகால் புரியல. 2020 ஜூன் கடைசில கவர்ன்மென்ட் தடை போட்டுச்சு, அவ்ளோதான். அந்த 11 ஆயிரம் பேர்ல ஒருத்தர் நம்பர் கூட நான் வாங்கி வைக்கல.

பேஸ்புக்ல என் முட்டாள்தனத்த சொல்லணும்ல. ஒரு தீபாவளிக்கு 3000 ரூபாய்க்கு பூஸ்ட் (காசு கட்டி போஸ்ட நெறைய பேருக்கு காட்டறது) போட்டேன், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற, தமிழ்நாடு முழுக்கனு ஏரியா வச்சிட்டேன். லைக்கு குவிஞ்சுது. ராமநாதபுரத்துல இருந்து ஒருத்தர் அரை லிட்டர் நல்லெண்ணெய் கேட்டாரு, பார்சல் செலவ சொன்னதும் ஆளக் காணோம். அடுத்த தடவ திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர் மட்டும் வச்சு 1000 ரூபாய்க்கு போட்டேன், லைக்கு கம்மி, ஆனா ஆர்டர் வந்துச்சு. நடுவுல ஒரு ஏஜென்சி தம்பி மாசம் இவ்ளோனு பேசி பேஜ எடுத்துகிட்டாரு. ரெண்டாவது வாரம் பாத்தா "சுகர், பிரஷர் எல்லாம் பறந்து போகும்"னு எங்க எண்ணெய் போட்டோ மேல எழுதி வச்சிருக்காரு! எப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) நம்பர் போட்டு விக்கிற பொருளுக்கு நோய் தீரும்னு விளம்பரம் பண்ணக் கூடாதுங்க, அது சட்டம். அன்னிக்கே கும்பிடு போட்டு அனுப்பிட்டேன்.

இன்ஸ்டா ரீல்ஸ் பத்தி என் கருத்து, வேடிக்கை பாக்கறவங்க வேற, வாங்கறவங்க வேற. பாட்டு வச்சு என் பொண்ணு எடுத்த ரீல் லட்சத்த தாண்டுச்சு, அந்த வாரம் ஆர்டர் எப்பவும் போலத்தான். ஆனா "ஏன் இவ்ளோ வெல?"னு ஒருத்தர் கமெண்ட்ல காச்சுனதுக்கு, தராசுல நிலக்கடலைப் பருப்ப வச்சு ஒரு வீடியோ போட்டேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு கிட்டத்தட்ட ரெண்டரை கிலோ பருப்பு ஆகும், பருப்பு வெல இவ்ளோ, கரண்டு, கூலி இவ்ளோ, புண்ணாக்கு வித்தா இவ்ளோ திரும்ப வரும்னு கணக்க அப்படியே சொன்னேன். 900 பேரு தான் பாத்திருப்பாங்க, அதுல 14 பேரு ஆர்டர் போட்டாங்க. இன்னிக்கும் யாராவது வெல கேட்டா பேசறதே இல்ல, அந்த லிங்க்க அனுப்பிடுவேன்.

தினப்படி சோறு போடறது வாட்ஸ்ஆப் பிசினஸ் தான். கேட்டலாக்குல அஞ்சு எண்ணெய், அளவு, வெல. ஆனா பிராட்காஸ்ட், அதான் ஒரே மெசேஜ நெறைய பேருக்கு தனித்தனியா அனுப்பற வசதி, அந்த விஷயத்துல ரெண்டு வருஷம் ஏமாந்தேன். ஒரு லிஸ்டுல 256 பேரு போடலாம்னு சொன்னதும் எல்லாரையும் போட்டு மெசேஜ் தட்டி விட்டுட்டு உக்காந்திருப்பேன், பாதிப்பேருக்கு ஒரு டிக்கோட நிக்கும். நம்ம நம்பர அவங்க சேவ் பண்ணியிருந்தா தான் போகும்னு ஒரு கஸ்டமர் பையன் சொல்லித்தான் தெரியும். இப்ப ஒவ்வொரு கேன்லயும் ஒரு ஸ்டிக்கர்: "நம்பர சேவ் பண்ணிட்டு எண்ணெய்னு ஒரு மெசேஜ் போடுங்க". ஸ்டேட்டஸ்ல காலைல பத்து செகண்ட் வீடியோ, பாட்டெல்லாம் கிடையாது, செக்கு கிர்ர்னு சுத்தற சத்தம் தான். அன்னிக்கு எது ஆடுதோ அதுக்கு சாயந்திரத்துக்குள்ள நாலு பேராவது கேட்டுடுவாங்க.

"நான் மிலிட்டரி கேம்ப்ல இருந்து பேசறேன், 20 லிட்டர் வேணும், பணம் அனுப்ப இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணுங்க"னு வந்தா உஷாருங்க. பணம் வாங்கறதுக்கு யாரும் ஸ்கேன் பண்ண வேண்டியதில்ல, பின் நம்பரும் போட வேண்டியதில்ல. எங்க வீட்டுக்காரர் பின் நம்பர் போடற வரைக்கும் போயிட்டாரு, நல்லவேள சிக்னல் இல்ல.

கூகுள் மேப்ல மொதல்ல இடத்த காட்டற குறிய வீட்டு மேல வச்சிட்டேன், வர்றவங்கெல்லாம் மாமியார எழுப்பிட்டு இருந்தாங்க. செக்கு ஓடற ஷெட்டு மேல மாத்தினப்புறம், ஈரோட்டுல இருந்து தாராபுரம் வழியா பழனி போற வண்டிங்க நின்னு வாங்கிட்டு போறாங்க. அதுல இலவசமா ஒரு குட்டி வெப்சைட்டும் இருந்துச்சு, 2024 மார்ச்சுல அந்த வசதிய நிறுத்திட்டாங்க. முன்னாடியே சொல்லியிருந்தாங்க, நான் தான் எழுதினத காப்பி எடுத்து வைக்கல.

பிளாக் தாங்க நான் எதிர்பாக்காத ஆளு. லாக்டவுன்ல பொழுது போகாம பிளாக்கர்ல ஆரம்பிச்சது, அப்புறம் சொந்தமா ஒரு டொமைன் (நம்ம பேர்ல வெப்சைட் அட்ரஸ்) வாங்கி மாட்டுனேன், வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள தான். மொதல்ல "மரச்செக்கு எண்ணெயின் 10 நன்மைகள்"னு எல்லாரும் எழுதறதையே எழுதுனேன், நாய் கூட சீண்டல. அப்புறம் ஒரு அக்கா போன்ல சண்டைக்கு வந்தாங்க, "வடை போட்டா சட்டி நெறைய நுரையா பொங்குது, என்னத்த கலந்தீங்க?"னு. அவங்களுக்கு சொன்ன பதில அப்படியே எழுதி வச்சேன்: கம்பெனில சுத்திகரிக்கறப்ப எண்ணெய்ல இருக்கற பிசுபிசுப்பு எல்லாம் எடுத்துடுவாங்க, செக்குல ஆட்டுனதுல அது அப்படியே இருக்கும், அதான் நுரைக்குது. சட்டில பாதிக்கு மேல ஊத்தாதீங்க, கோலிகுண்டு அளவு புளிய போட்டு பொரிஞ்சதும் எடுத்துடுங்க, அடங்கிடும். ஒரே ஒரு போட்டோ, எங்க சட்டில பொங்கி நிக்கற நுரை.

அந்த போஸ்டுக்கு தான் இன்னிக்கும் ஆளு வர்றாங்க. என்ன தேடி நம்ம பக்கத்துக்கு வந்தாங்கனு காட்டற கூகுளோட சர்ச் கன்சோல்ல பாத்தா பாதிப்பேரு தமிழ இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணி தேடியிருக்காங்க, அதனால தலைப்புல அப்படியும் ஒரு தடவ எழுதி வச்சேன். அதுக்கப்புறம் திட்டு வர வர எழுதறேன். "அடியில மண்டி நிக்குது", "நல்லெண்ணெய்ல எதுக்கு கருப்பட்டி போடறீங்க", "தேங்காயெண்ணெய் உறைஞ்சு போச்சு, டால்டா கலந்தீங்களா". கடைசிது மார்கழி வந்தா பெங்களூர்ல இருந்து தவறாம வரும், 24 டிகிரிக்கு கீழ போனா தேங்காயெண்ணெய் உறையத்தான் செய்யும்ங்க.

போன மாசம் எங்ககிட்ட வாங்காத ஒருத்தங்க போன் பண்ணி, வேற எங்கயோ வாங்குன எண்ணெய் நுரைக்குது, உங்க போஸ்டுல புளினு போட்டிருக்கே, பழைய புளியா புதுப்புளியானு கேட்டாங்க. பழசே போதும்னேன். பத்து நாள் கழிச்சு அஞ்சு லிட்டர் கேனு சொல்லியிருக்காங்க, நாளைக்கு தான் கட்டணும்.